படித்துறையை மூழ்கடித்த நீலம்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுப் பழைய வேட்டி, சேலைத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுத்துணி விரிப்பு தைப்பேன். ஸ்கெட்ச் நோட்டில் வரைந்த அரசலாற்றுப் படித்துறையை அதன் நடுவில் அக்ரிலிக்கில் தீட்டப்போக, வேட்டித்துண்டில் நீலம் இழையோடு ஓடி படித்துறையே மூழ்கிவிட்டது! பெயின்டில் தண்ணீரைக் கூட்டியது என் தப்பு. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரித் துணி ஓவியத்திலும் துணியைப் பதப்படுத்திவிட்டுத்தானே வரைகிறார்கள்? அடுத்த தடவை தைக்குமுன்பே துண்டுக்கு நீர்த்த அரிசிக்கஞ்சி போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டேன். பெயின்டில் தண்ணீரே சேர்க்கவில்லை. கோடு அப்படியே நின்றது. பெயின்ட் தடித்த இடத்தில் ஊசி லேசில் இறங்காது. அதனால் ஓரத்தில் அரை அங்குலம் வெறுமனே விட்டேன். கஞ்சிமேல் தீட்டியதைத் துவைத்தால் உரியலாம். என்னுடையது கூடத்துச் சுவரில் தொங்குகிறது.