எல்ஸ்பெர்க் போல ஆவணத்தை வெளியிடலாம் என்று நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியட்நாம் போர் பற்றி அமெரிக்க அரசாங்கம் உள்ளே ஒன்று எழுதி, மக்களிடம் வேறொன்று சொல்லி வந்தது. அதை அம்பலப்படுத்திய சுமார் 7,000 பக்க ரகசிய ஆய்வை, அதில் வேலை செய்த ஆய்வாளர் டேனியல் எல்ஸ்பெர்க் 1969 அக்டோபரிலிருந்து ஜெராக்ஸ் எடுத்தார். 1971 ஜூன் 13 அன்று நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிடத் தொடங்கியது. அது செய்யப்பட வேண்டிய காரியம்தான். ஆனால் கோலாலம்பூரிலோ புத்ராஜெயாவிலோ அரசாங்க வேலையில் இருப்பவர் அதே வழியில் போனால் மாட்டிக்கொள்வார்.

எல்ஸ்பெர்க்கை உச்ச நீதிமன்றம் விடுவித்தது என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 1971 ஜூன் 30 அன்று 6–3 என்று வந்த தீர்ப்பு பத்திரிகைகளுக்கானது. அச்சிடுவதைத் தடுக்க அரசாங்கம் போதிய காரணம் காட்டவில்லை என்றது. அவர் மீதான வழக்கு தனி. அதில் 115 ஆண்டு வரை சிறை விழுந்திருக்கலாம். வெள்ளை மாளிகையின் ஆட்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைத்துப் புகுந்ததும், அவர் பேச்சு ஒட்டுக்கேட்கப்பட்டதும் தெரிய வந்ததால் 1973 மே 11 அன்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். கசியவிட்டது குற்றமா என்ற கேள்விக்கு அங்கே விடையே கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் அள்ளிக் கொடுப்பது அடுத்த தவறு. சமாதானப் பேச்சுவார்த்தை பற்றிய 4 தொகுதிகளை எல்ஸ்பெர்க்கே பத்திரிகைகளுக்குக் கொடுக்கவில்லை.

இங்கே மலேசியாவில், 'பொதுநலனுக்காகச் செய்தேன்' என்று நீதிமன்றத்தில் சொன்னால் தப்பிக்கலாம் என்று நம்பாதீர்கள். 1972 அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. உரிய அதிகாரி 'தெர்ஹாட்' (கட்டுப்படுத்தப்பட்டது) என்று வகைப்படுத்தியிருந்தாலே அது ரகசியம். ரகசியம்தான் என்று அரசாங்கம் சான்றிதழ் கொடுத்துவிட்டால் நீதிமன்றம் அதைக் கேள்வி கேட்க முடியாது. தெரிந்தே வாங்கிக்கொள்வதும் குற்றம் என்பதால், வாட்ஸ்அப்பில் வந்ததை அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள்.

முதலில் நிருபரிடம் போவதுதான் மிகவும் வருத்தம் தரும் தவறு. 2010 தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம் எம்ஏசிசி (மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம்), காவல் துறை போன்ற அமலாக்கத் துறைகளிடம் சொல்பவருக்கே பாதுகாப்பு தருகிறது. ஊடகத்திடம் சொன்னால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவில், புகார் முக்கியமாக அரசாங்கக் கொள்கையின் தகுதியைக் கேள்வி கேட்பதாக இருப்பதும் பாதுகாப்பை ரத்து செய்ய ஒரு காரணம். 'இந்தப் போர் தவறு' என்ற வகைப் புகார் அங்கேயே அடிபட்டுப் போகும். இது இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை. ஆகவே யார், எந்தத் தேதி, எந்த டெண்டர், எவ்வளவு ரிங்கிட், எந்தக் கோப்பு எண் என்று எழுதுங்கள்.

ஆவணத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும், அதைக் கைப்பற்றும் அதிகாரம் அமலாக்கத் துறைக்கு உண்டு. புகாருக்கு முன் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. அவரிடமும் ரகசியத் தாளைக் காட்ட வேண்டாம். 2025-இல் மக்களவை தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேற்றியதால், இன்று அமலில் இருப்பது எது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.