ஜாப் ஜீரோ எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் கோணத்தில் ஐடிஐ முடித்து விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் செங்குத்து மில்லிங்) மெஷினில் நிற்கும் தம்பிகள் பலர் புரோகிராமை வரிக்கு வரி சரிபார்ப்பார்கள். ஜாப் ஜீரோவை, அதாவது வெட்டப்போகும் பொருளில் (ஜாப்பில்) புரோகிராமின் அளவுகள் தொடங்கும் புள்ளியை, திரும்பப் பார்ப்பது மட்டும் குறைவு. ஜாப் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் எட்ஜ் ஃபைண்டர், அதாவது ஜாப்பின் விளிம்பைத் தொட்டுக் கண்டுபிடிக்க ஸ்பிண்டிலில் மாட்டும் கருவி. முனை 10 மி.மீ. விட்டம் என்றால், அது ஜாப்பின் இடது முகத்தைத் தொடும்போது ஸ்பிண்டில் மையம் 5 மி.மீ. வெளியே நிற்கிறது. மெஷின் எக்ஸ் -312.450 காட்டினால் ஜி54-ல் (ஜாப் ஜீரோ இருக்கும் இடத்தைப் பதியும் ஆஃப்செட்) ஏற வேண்டியது -307.450. அந்த 5-ஐ மறந்தால் எல்லா ஓட்டையும் 5 மி.மீ. தள்ளிப்போகும். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டால் 10 மி.மீ. இந்தக் கணக்கை மெஷினையே போடவைக்க மெஷர் பட்டன் அழுத்துபவர்கள் இடது முகத்துக்கு எக்ஸ்-5. என்று அடிக்க வேண்டும். வலது முகம் என்றால் குறி மாறும்.

தொடும் முகத்தில் பர் (வெட்டிய விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர்) இருந்தால் கணக்கு சரியாக இருந்தும் பயனில்லை. அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, துணியால் துடைத்துவிட்டுத் தொடுங்கள். நம் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு, கடல் காற்றும் உண்டு. லீவு முடிந்து வந்தால் ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் வாயிலும், ஜாப்புக்கு அடியில் வைக்கும் பேரலல் கட்டையிலும் துரு படிந்திருக்கும். அதன் மேல் வைத்து இறுக்கினால் ஜாப் சாய்ந்துதான் உட்காரும். எண்ணெய் தடவி வைக்கும் பழக்கம் இங்கே கட்டாயம்.

ஒய் ஜீரோவை வைஸின் நகராத வாய்ப் பக்கமே எடுங்கள். நகரும் வாய்ப் பக்கம் எடுத்தால், அடுத்த ஜாப் அரை மி.மீ. அகலம் கூடினாலும் ஜீரோ மாறிவிடும். ஆனால் டிராயிங்கில் அளவு எந்த முகத்திலிருந்து கொடுத்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஜாப்பை எந்தப் பக்கமாக வைஸில் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

இசட்டில், அதாவது உயர அச்சில், நடக்கும் தவறுதான் ஆபத்தானது. ஒவ்வொரு டூலையும் ஜாப்பின் மேல்முகத்தில் தொட்டு, அந்த மெஷின் இசட்டை எச் ஆஃப்செட்டில் (டூல் நீளத்துக்கான பதிவு) ஏற்றியிருந்தால், ஜி54-ன் இசட் 0 ஆகவே இருக்க வேண்டும். அங்கேயும் ஒரு மைனஸ் மதிப்பு கிடந்தால் இரண்டும் சேர்ந்து டூல் ஜாப்புக்குள் இறங்கிவிடும். ஃபானுக் கன்ட்ரோலில் ஆஃப்செட் பக்கத்தின் 00 வரிசையையும் பாருங்கள். முந்தைய ஷிப்டில் யாரோ போட்ட மதிப்பு அங்கே கிடந்தால் ஜி54 முதல் ஜி59 வரை எல்லாவற்றோடும் அது கூடும்.

ஜீரோ எடுத்ததும் சைக்கிள் ஸ்டார்ட் வேண்டாம். டூலை உயரத்தில் வைத்து, எம்டிஐயில் (ஒரு வரியைக் கையால் அடித்து ஓட்டும் மோடு) ஜி54 எக்ஸ்0 ஒய்0 கொடுத்து, ரேப்பிட் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். டூல் ஜீரோ எடுத்த மூலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். அப்புறம் இசட்டை 50 மி.மீ. உயரத்துக்குக் கொண்டுவந்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.