சலூன் தொழிலில் மரியாதையைக் கெடுக்கும் தவறுகள்

பெயர்ப்பலகையில் 'ஹேர் ஸ்டைலிஸ்ட்' என்று எழுதி, ஏசி மாட்டினால் மதிப்பு தானாக வந்துவிடும் என்று தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் நினைக்கிறார்கள். ஏசி இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் மதிப்பு போவதும் வருவதும் நாற்காலிப் பக்கத்தில்தான்.

துணியைப் போர்த்தியதுமே மெஷினைக் கையில் எடுக்காதீர்கள். "ஷார்ட்டா வெட்டுங்க" என்றால் ஒருவருக்கு மெஷின் சீப்பில் ஒன்றாம் நம்பர், அதாவது 3 மில்லிமீட்டர் முடி. இன்னொருவர் மனதில் இருப்பது நாலாம் நம்பர், 13 மில்லிமீட்டர். கேட்டுவிடுங்கள். உச்சிச் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்றும் விரலால் தடவிப் பாருங்கள். சுழியில் ஒட்ட வெட்டினால் அந்த இடம் மட்டும் குத்திட்டு நிற்கும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதுவரை அந்தத் தலையை ஊரே பார்க்கும்.

அடுத்தது பிளேடு. புது பிளேடைக் காகிதத்தோடு இரண்டாக உடைத்து, பாதியைக் கத்தியில் செருகுவதை வாடிக்கையாளர் கண் முன்னால் செய்யுங்கள். முன்கூட்டியே மாட்டி வைத்தால் அது புதிதா, போன ஆளுக்குப் போட்டதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். டெட்டால் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும் என்பது வெறும் சமாதானம்.

'அமோனியா இல்லை' என்று அட்டையில் போட்டிருந்தால் டை பாதுகாப்பானது என்று சொல்லி விற்பதும் தவறு. அலர்ஜி கிளப்பும் பி.பி.டி. என்ற சாய ரசாயனம் அதிலும் இருக்கலாம். காதுக்குப் பின்னால் துளி தடவி, 48 மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள். வருமானம் இரண்டு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்த நம் பாட்டன்மார் கட்டி கீறி மருந்து கட்டியவர்கள், பாட்டிமார் ஊருக்கே பிரசவம் பார்த்தவர்கள். அந்தக் கண் இன்றும் பயன்படும். பின்தலையில் காசு அளவுக்கு வழவழவென்று விழுந்த புழுவெட்டை முதலில் பார்ப்பது பெரும்பாலும் நாம்தான். அதைக் கடை முழுக்கக் கேட்கச் சொல்வது ஒரு தவறு, அதற்கு எண்ணெய் விற்பது பெரிய தவறு. காதோடு சொல்லி, தோல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

சில ஊர்களில் இன்னமும் ஆதிக்கச் சாதிக்காரர்களுக்குப் பயந்து பட்டியல் சாதியினருக்கு முடிவெட்ட மறுக்கிறார்கள். கடை அவர்கள் இடத்தில் இருக்கும், பிழைப்பும் அவர்களை நம்பி, பயம் புரிகிறது. ஆனாலும் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நம்மைத் தெருக்கோடியில் நிறுத்திய அதே ஊர், இன்னொருவரை நிறுத்த நம் கத்தரியைக் கேட்கிறது. இதற்கு உடன்பட்டுவிட்டுத் தொழில் பெருமை பேச முடியாது.

தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தன் சலூனிலேயே நூலகம் வைத்தார். 2020இல் பிரதமர் வானொலியில் அவரோடு தமிழில் பேசினார். எல்லோரும் நூலகம் வைக்க வேண்டியதில்லை. முடிதிருத்துவோர் நல வாரியத்தில் பதியாமல் இருப்பவர்கள் முதலில் பதியுங்கள். பிள்ளைகள் படிப்புக்கும், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியத்துக்கும் வழி இருக்கிறது. பதிந்தவர்கள் புதுப்பிக்க மறக்காதீர்கள்.