ஷேவிங்குக்கு டப்பா நுரையா, பிரஷ் நுரையா?

டப்பாவை அழுத்தியதும் பொங்கி வருகிறதே, அந்த நுரையில் பெரும்பகுதி வாயுதான். பியூட்டேன், புரொப்பேன் போன்றவை ஊதிவிட்ட வேலை. அவசரத்துக்குச் சரி. ஆனால் முடியை இளக்குவது தண்ணீர்தான், அதை அந்த நுரை ரொம்ப நேரம் பிடித்து வைக்காது.

ஷேவிங் சோப்புக்கு மாறுவதென்றால், ஷேவிங் பிரஷை வெதுவெதுப்பான நீரில் 2 நிமிடம் ஊறவைத்து, லேசாக உதறிவிட்டு, சோப்பின் மேல் ஒரு 30 விநாடி சுழற்றுங்கள். க்ரீம் என்றால் விரல்நுனி அளவு போதும். அப்புறம் முகத்திலேயே, ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, பெரிய குமிழ்கள் எல்லாம் மறைந்து நுரை பளபளக்கும் வரை குழைக்க வேண்டும். முதல் வாரம் நான் தண்ணீரில் கஞ்சத்தனம் காட்டி, கன்னத்தில் காய்ந்த பசையோடு மல்லுக்கட்டினேன். உப்புத் தண்ணீர் என்றால் சோப்பைக் கொஞ்சம் கூடவே எடுங்கள்.