"தேடினேன், ஒன்றும் இல்லை" என்று சொல்வதற்கு முன்னால்

இணைய ஆவணக் காப்பகங்களில் பழைய பத்திரிகை தேடப் போகும் இதழியல் மாணவர்கள் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து சொல்வது இதைத்தான். பல நேரம் விஷயம் அங்கேயே இருக்கும், நீங்கள் தட்டிய பெயர்தான் அந்தக் காலத்தில் புழங்கியிருக்காது.

கடலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993 வரை இந்த மாவட்டத்துக்குத் தென்னாற்காடு என்றுதான் பெயர். 'கடலூர் மாவட்டம்' என்று போட்டு 1980களின் செய்தியைத் தேடினால் எப்படிச் சிக்கும்? தென்னாற்காடு, தென் ஆற்காடு, ஆங்கில எழுத்தில் சவுத் ஆர்காட் என எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். புதுச்சேரி இன்னும் மோசம். 2006 வரை அரசுப் பெயர் பாண்டிச்சேரி, தமிழ் எழுத்தில் புதுவையும் உண்டு, பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்துக்குப் போனால் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கேட்டால்தான் வாய் திறக்கும்.

அடுத்த வம்பு எழுத்துருவில். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் லை, னை, ணா, றா எல்லாம் பெரும்பாலும் வேறு வடிவத்தில் அச்சானவை, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள் அங்கே அடிக்கடி தடுக்கி விழும். அதனால் 'வேலைநிறுத்தம்' கிடைக்கவில்லையென்றால் 'நிறுத்தம்' என்று மட்டும் போடுங்கள். அதுவும் சரிவரவில்லையா, தேதி தெரிந்த வாரத்து இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். அலுப்புதான், ஆனால் அப்படிப் புரட்டும்போது கண்ணில் படும் விளம்பரமும் ஆசிரியர் கடிதமும் எந்தத் தேடலிலும் வராது.

சுனாமி வந்த 2004 டிசம்பரில் கடலூர்த் தேவனாம்பட்டினம் பற்றி என்ன எழுதினார்கள் என்று, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பார்க்கப் போனேன். பக்கம் முழுக்கக் கிறுக்கல். கெட்டுப்போன பக்கம் என்று மூடிவிட்டேன், அது என் முட்டாள்தனம். அப்போது பல தமிழ்த் தளங்கள் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டில் இல்லை, சொந்த எழுத்துரு வைத்திருந்தன. அந்தக் கிறுக்கலை அப்படியே நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் போட்டால் தமிழாகிவிடும். அப்புறம், முகவரியில் தெரிவது பக்கத்தைச் சேமித்த தேதி. செய்தி வெளியான தேதியைப் பக்கத்துக்குள்தான் தேட வேண்டும். ஆய்வேட்டில் இதைக் குழப்பிவைத்தால் வாய்மொழித் தேர்வில் மாட்டுவீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு மூன்று மாதம் கழித்து எந்த இதழ், எந்தப் பக்கம் என்று முழிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் சந்தா கட்டும் தரவுத்தளங்களும் பெரும்பாலும் வளாக இணைப்பில்தான் திறக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் வெளியிலிருந்து நுழைய வழி கேட்டு வையுங்கள்.

எல்லாமே இணையத்தில் ஏறிவிடவில்லை. புதுச்சேரி செயிண்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கோ உங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கோ நேரில் போக வேண்டியிருக்கும். போனால் "பழைய பேப்பர் வேணும் சார்" என்று நிற்காதீர்கள். இதழ் பெயர், ஆண்டு, மாதம் மூன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுங்கள், அதுவும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால்.