கழிமுகத்தை அளக்கப் போகிறீர்களா? முதலில் ஓதம் பாருங்கள்

ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் எடுக்கும் எந்த அளவுக்கும் பக்கத்தில் நேரமும் ஓதநிலையும் (கடல்நீர் ஏறுகிறதா, வற்றுகிறதா என்பது) குறிக்காவிட்டால் அந்த அளவு வீண். ஏற்றத்தில் உப்பு 30 (ஆயிரம் பங்கு நீரில் 30 பங்கு) காட்டும் இடமே வற்றத்தில் 8 காட்டலாம், இரண்டும் சரிதான். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். இரண்டு சுற்றுக்கு 24 மணி 50 நிமிடம்; அதனால் இன்று காலை 7 மணிக்கு அளந்ததோடு ஒப்பிட, நாளை 7.50க்கு அளக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிது, அட்டமியை ஒட்டிச் சிறிது. இரண்டிலும் ஒரு சுற்று அளந்துவிடுங்கள்.

உப்புக்கு ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகுவதை வைத்து உப்பைக் காட்டும் கைக்கருவி) போதும். காய்ச்சி வடித்த நீரை இரண்டு சொட்டு விட்டு, கோடு பூஜ்யத்தில் நிற்கும்படி திருகைச் சரிசெய்யுங்கள். மூடியை ஒரு பக்கமாகச் சாய்த்து மூடினால் காற்றுக்குமிழி தங்காது. கடல்நீர் 35 அளவில் இருக்கும்.

பலரும் தவறுவது அடிநீரில்தான். நன்னீர் இலேசு, உப்புநீர் கனம்; ஆற்றுநீர் மேலே ஓட, கடல்நீர் அடியில் ஆப்பு போல உள்ளே நுழையும். வாளியில் மேல்நீரை மட்டும் மொண்டால், உப்பு எட்டாத இடம் என்று ஏமாந்துவிடுவீர்கள். பாட்டிலில் எடைக்கல் கட்டி, தக்கையைத் தனிக்கயிற்றில் இணைத்து இறக்குங்கள். தரைக்கு அரை மீட்டர் மேலே நிறுத்தித் தக்கையை இழுங்கள். தரையில் இடித்தால் சேறுதான் நிரம்பும்.

கரைந்த ஆக்சிஜனை விடியுமுன் அளக்க வேண்டும். பகலில் பாசி ஆக்சிஜனை விடுவதால் அளவு நன்றாகவே தெரியும். இரவெல்லாம் எல்லா உயிரும் மூச்சுவிட்ட பிறகுதான் உண்மை நிலை வெளிப்படும். லிட்டருக்கு 2 மி.கி.க்குக் கீழே போனால் மீன்களுக்கு ஆபத்து.

அலையாத்தி மரங்களுக்கு 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் போடுங்கள். சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுப்பது வழக்கம். தாங்குவேர் விடும் சுரபுன்னைக்கு அது பொருந்தாது; எல்லாவற்றுக்கும் மேலே உள்ள தாங்குவேருக்கு 30 செ.மீ. மேலே எடுங்கள்.

நடுவதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள். திறந்த சேற்றுவெளியில் நட்ட கன்று அதிகநேரம் மூழ்கிக் கிடந்து சாகும். பறவைகள் மேயும் வெளியும் கெடும். மரம் ஏன் இல்லை என்று முதலில் பாருங்கள். வாய்க்கால் அடைபட்டிருந்தால் அதைத் திறந்தாலே விதைகள் ஓதத்தோடு வந்து ஊன்றிக்கொள்வதுண்டு.

சேற்றில் பழைய படகுப்பலகையோ துறைத்தூணோ தென்பட்டால் பிடுங்க வேண்டாம். காற்றுப் புகாத சேறுதான் அதை இத்தனை காலம் காத்தது. வெளியே எடுத்து உலரவிட்டால் மரம் சுருங்கி வெடிக்கும். அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், ஜிபிஎஸ் குறியுங்கள், சேற்றால் மூடிவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். அலை அடித்துப்போகும் நிலையில் இருந்தால் மட்டும் எடுத்து, அதே நீரில் மூழ்கவைத்து, வெயில் படாமல் ஒப்படையுங்கள்.

சேற்றில் இறங்குவது நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும். ஓதம் திரும்புமுன் கரையேறிவிடுங்கள்.