பழைய பிளக்-இன் ஹைபிரிட் கார்: திருகோணமலையில் வாங்க நினைப்பவர்களுக்கு

விளம்பரங்களைப் புரட்ட முன், சாதாரண நாளொன்றில் எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் கணக்கு இது: உவர்மலையில் வீடு, நிலாவெளியில் பள்ளிக்கூடம். போய்வர 35 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பின்னேரம் மகளை ரியூசனுக்கு ஏற்றியிறக்க, சந்தைக்குப் போய்வர இன்னும் நாலைந்து. பள்ளி விடுமுறை வந்தால் வெள்ளவத்தையில் அக்கா வீடு. அது ஒருவழிக்கே ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே கார் வேண்டுமென்றால் பிளக்-இன் (சுவரில் செருகிச் சார்ஜ் போடும் பற்றரியும் பெற்றோல் எஞ்சினும் சேர்ந்த கார்) பக்கம் மனம் போவது நியாயம்தான். ஆனால் இரண்டுக்கும் அது ஒரே அளவில் உதவாது. தினசரி ஓட்டத்தில் காசை மிச்சம் பிடிக்கும். தூரப் பயணத்தில் பாரமான ஒரு பெற்றோல் காராக நடந்துகொள்ளும். பழைய காரில் பற்றரி தேய்ந்திருப்பதால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

பழைய பிளக்-இன் என்று தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது மிட்சுபிஷி அவுட்லாண்டர். ஜப்பானில் 2013 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. 12 கிலோவாட்-மணி (கரண்ட் பில் கணக்கில் 12 யூனிட்) பற்றரி, 2 லீற்றர் பெற்றோல் எஞ்சின், முன்னுக்கொரு மோட்டார், பின்னுக்கொரு மோட்டார். வழக்கமான கியர்பொக்ஸ் கிடையாது. மெதுவாகப் போகும்போது எஞ்சின் எழுந்தாலும் அது ஜெனரேட்டரைத்தான் சுழற்றும். வேகம் 65ஐத் தாண்டிய பிறகுதான் நேரே முன் சக்கரங்களை இழுக்கும். ஜப்பானியப் பரிசோதனைக் கணக்கில் கரண்டில் மட்டும் 60.2 கிலோமீற்றர் ஓடும் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஏசி போட்டுக்கொண்டு நம் வெயிலில் ஓடினால் புதுக் காரே 40ஐ ஒட்டித்தான் தரும். பத்து வருடம் கண்ட கார் 30 தந்தால் சந்தோஷம், 25 தந்தால் சமாளிக்கலாம்.

"ரீச்சர், ஒரு சார்ஜில் 60 ஓடும், பெற்றோல் செட் பக்கமே போகத் தேவையில்லை" என்று கொழும்பில் ஒரு தரகர் என்னிடம் சொன்னார். இரவு சார்ஜ் போட்டு வையுங்கள் தம்பி, காலையில் வந்து ஓடிப் பார்க்கிறேன் என்றேன். நீங்களும் அதையே சொல்லுங்கள். நீங்கள் போகும்போது கேபிள் காரில் செருகியபடி இருக்க வேண்டும். ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி, ஏசியை 24இல் வைத்து, 50, 60 வேகத்தில் பதமாக ஓட்டுங்கள். பற்றரிக் கோடு அடிமட்டத்துக்கு இறங்கி, எஞ்சின் தானாக எழுகிற இடத்தில் மீற்றரைப் பாருங்கள். அதுதான் அந்தக் காரின் இன்றைய ஓட்டம். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தாலும் எஞ்சின் எழும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கார் நம் ஊரிலேயே இருந்தால் நிலாவெளி வீதியில் ஓட்டிப் பாருங்கள். ஏற்ற இறக்கம் இல்லாத நேர் வீதி, எந்தக் காரும் பொய் சொல்ல முடியாது.

இன்னொரு சோதனையும் உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினியைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓ.பி.டி. செருகியில் சின்ன புளூடூத் கருவியொன்றைப் பொருத்தி, போனில் அதற்கான செயலியைத் திறந்தால் பற்றரியின் கொள்ளளவு ஆம்பியர்-மணியில் தெரியும். அவுட்லாண்டருக்குப் புதிதில் 40 அளவு. 28 காட்டினால் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டப் போய்விட்டது. உள்ளே 80 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கின்றன. சார்ஜ் குறைந்த நேரத்தில் அவற்றின் வோல்ற் அளவுகளைப் பாருங்கள். ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடக் கீழே நின்றால் முழுப் பற்றரியும் அதன் பலத்துக்குத்தான் வேலை செய்யும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பற்றரியைக் கண்காணிக்கும் கணினியை ரீசெட் பண்ணினால் அந்த எண் புதுக் காருடையதைப் போல உயர்ந்து நிற்கும்; ஓட ஓடத்தான் இறங்கி உண்மைக்கு வரும். ஆகவே எண்ணும் ஓட்டமும் ஒத்துப்போக வேண்டும். 38 காட்டுகிற கார் 24 கிலோமீற்றரில் எஞ்சினை எழுப்பினால், நன்றி சொல்லிவிட்டு இறங்கி வாருங்கள்.

சரி, கார் நல்லது என்றே வைப்போம். வீட்டில் எங்கே செருகப் போகிறீர்கள்? வீதியோரம் நிறுத்துபவர்களும், மாடி வீட்டு வாடகைக்காரர்களும் இந்த இடத்திலேயே யோசனையைக் கைவிடலாம். ஜப்பானிலிருந்து வரும் 200 வோல்ற் கேபிளை நம் 230இல் செருகலாம், ஆனால் முனையின் வடிவம் வேறு. அதை வெட்டிவிட்டு சாதாரண 13 ஆம்பியர் பிளக் பூட்டி விற்கிறார்கள். அந்தக் கேபிள் கிட்டத்தட்ட 15 ஆம்பியரை நாலு மணிநேரம் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கின் ஒரு கால் பக்கம் மண்ணிறமாகி, பிளாஸ்ரிக் இளகி வளைந்திருப்பதை நான் என் கையால் கழற்றிப் பார்த்திருக்கிறேன். மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், 16 ஆம்பியர் செருகி, ஒழுங்கான எர்த்: இவ்வளவும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது. எர்த் சரியில்லையென்றால் கேபிளிலுள்ள பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா கிடக்கும். பழைய வீடுகளில் இது அடிக்கடி நடக்கும்.

கரண்ட் பில்லைப் பற்றிப் பயப்படுபவர்களுக்கு ஒரு சுலபமான கணக்கு. அவுட்லாண்டர் ஒரு லீற்றர் பெற்றோலில் 12, 13 கிலோமீற்றர் போகும். அதே தூரத்துக்குச் சுவரிலிருந்து மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். உங்கள் பில்லின் கடைசிப் படியில் ஒரு யூனிட் என்ன விலை என்று பாருங்கள். அதை மூன்றேகாலால் பெருக்கியது ஒரு லீற்றர் விலையைவிடக் குறைவாக இருக்கும் வரைக்கும் லாபம் உங்கள் பக்கம். கடைசிப் படியைச் சொல்வதற்குக் காரணம், காருக்கு ஏற்றும் கரண்ட் எல்லாம் மேல் படியில்தான் போய் விழும். மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் மிகக் கூடிய விலை. கூரையில் சோலார் போட்டவர்களுக்குக் கணக்கே வேறு, அவர்கள் பகலில் செருகிவிட்டுப் போகட்டும். மற்றவர்கள் இரவு பத்தரைக்குப் பிறகு போடுங்கள். நேரத்துக்கேற்ற கட்டணம் எடுத்திருந்தால் மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரைதான் கூடிய விலை. பற்றரிக்கும் அது நல்லது, முழுச் சார்ஜோடு கார் வெயிலில் காயாது. நான் பள்ளியில் வேப்பமர நிழலை ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

2022ஐ நினைத்து இதை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். பெற்றோலுக்கு வரிசை, கரண்டுக்கும் வெட்டு. எது கிடைக்கிறதோ அதில் ஓடும் கார் என்ற ஆறுதல் அவர்களுக்கு. சில அவுட்லாண்டர்களில் பின்பக்கம் 1,500 வாட் செருகிகூட உண்டு. ஆனால் அது 100 வோல்ற். டிரான்ஸ்போமர் இல்லாமல் வீட்டு ஃபிரிட்ஜை அதில் செருகிவிடாதீர்கள்.

அடுத்தது தூரப் பயணம். கொழும்புக்குப் புறப்பட்டால் கந்தளாய் வருவதற்குள் பழைய பற்றரி தீர்ந்துவிடும். மிச்ச வழி முழுக்க, 1,800 கிலோவை ஒட்டிய ஒரு வாகனத்தைப் பெற்றோல்தான் இழுக்க வேண்டும். 45 லீற்றர் தாங்கி. நிரப்பினால் 500 கிலோமீற்றருக்கு மேல் தாங்கும், வழியில் நிற்குமோ என்ற பயம் இல்லை. முழு மின்சாரக் காரைவிட இது மேலென்று நான் சொல்வது அதனால்தான். ஹபரணையில் வேகச் சார்ஜர் தேடி அலைய வேண்டாம்.

இருக்கிற கரண்டை எங்கே செலவழிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊருக்குள் கரண்டில் போங்கள். சீனக்குடா தாண்டி வீதி திறந்ததும், பற்றரியில் இருப்பதைச் செலவழிக்காமல் வைத்திருக்கும் சேவ் பொத்தானை அழுத்துங்கள். 70, 80இல் சீராக ஓடும்போது எஞ்சின் நேரே சக்கரத்தை இழுப்பதால் பெற்றோல் அவ்வளவு போகாது. சேர்த்துவைத்த கரண்டை தம்புள்ளை, குருநாகல் நகர நெரிசலிலும், கடைசியில் கொழும்புக்குள் ஊர்ந்து போகும்போதும் எடுத்துவிடுங்கள். எஞ்சின் மிக மோசமாகப் பெற்றோல் குடிப்பது அந்த இடங்களில்தான். மீரிகம – குருநாகல் அதிவேக வீதியில் 100இல் கரண்டில் ஓடுவது வீண். கண்டிக்குப் போவதானால் மாத்தளை தாண்டி வரும் ஏற்றத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். சார்ஜ் என்ற பொத்தான் பெற்றோலை எரித்துப் பற்றரியை நிரப்பும். அந்தக் கரண்ட் சுவரிலிருந்து வருவதைவிட விலை கூடியது, மலை ஏற முன் தவிர அதைத் தொட வேண்டாம். இறக்கங்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள இரண்டு துடுப்புகளால் மீட்பு பிரேக்கை (வேகத்தைக் குறைத்து அந்தச் சக்தியைக் கரண்டாகப் பற்றரிக்குத் திருப்புவது) கூட்டிக் குறைக்கலாம். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

மாதம் இரண்டு மூன்று முறை கொழும்பு, யாழ்ப்பாணம் என்று ஓடுபவர்கள் அவுட்லாண்டரை விட்டுவிட்டு டொயோட்டா பிரியஸின் பிளக்-இன் வகையான பி.எச்.வி.யைப் பாருங்கள். 2012இல் வந்ததில் 4.4 கிலோவாட்-மணிதான், கரண்டில் ஊருக்குள் சுற்றலாம், அவ்வளவே. ஆனால் பற்றரி தீர்ந்த பிறகும் தூர ஓட்டத்தில் பெற்றோலை மிச்சம் பிடிக்கும். 2017இல் வந்ததில் 8.8. அதன் முதல் வருடங்களில் பின்னால் இரண்டு பேருக்கு மட்டுமே இருக்கை. அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று ஐந்து பேர் ஏறும் வீட்டில் இதைப் பார்க்காமல் முற்பணம் கட்டிவிடாதீர்கள். கரண்ட் செருகவே வழியில்லாதவர்களுக்குச் சாதாரண ஹைபிரிட் போதும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு மூன்று விஷயங்கள். கடற்கரையோரம் நின்ற கார் என்றால் கீழே படுத்துப் பாருங்கள்: செம்மஞ்சள் நிற உயர் வோல்ற் வயர்களின் இணைப்புகளில் உப்புப் பூத்திருக்கிறதா, அவற்றைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுகள் துருப்பிடித்திருக்கிறதா. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மாரி வெள்ளத்தில் நின்றதென்று சந்தேகம் வந்தால் பின் இருக்கைத் தரைவிரிப்பைத் தூக்கி மணந்து பாருங்கள், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். பற்றரி தரைக்கு அடியில்தான் இருக்கிறது. 12 வோல்ற் சின்னப் பற்றரி செத்தாலும் கார் புறப்படாது, அதன் வயதையும் கேளுங்கள். அப்புறம், கரண்டில் போகும்போது சத்தம் அவ்வளவு இல்லை. கோட்டைப் பக்கத்து மான்களும் நிலாவெளி வீதியில் படுத்திருக்கும் மாடுகளும் நீங்கள் கிட்ட வந்த பிறகுதான் தலையைத் தூக்கும்.

அவுட்லாண்டரில் ஸ்பெயார் வீல் இல்லை. காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் ஒட்டுப்பசைப் போத்தலும் மட்டும்தான் வரும். பத்து வருடப் போத்தல் காலாவதியாகி இருக்கும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில், இருட்டிய பிறகு, யானை கடக்கும் காட்டில் ரயர் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. அளவுக்கேற்ற மெல்லிய ஸ்பெயார் ஒன்றும் ஜாக்கும் வாங்கி டிக்கியில் கட்டிவையுங்கள். அந்தக் காசையும் கழித்துத்தான் காருக்கு விலை பேச வேண்டும்.